நாலெல்லை

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒழுங்கை.
நொத்தாரிசு கந்தோரில் என் மேசை யன்னலோரம்.
ஒரு காணியை ஆர் ஆருக்கு எழுதினது,
எது சீதனம், எது அறுதி, எது ஈடு என்று
உறுதிக்குப் பின்னால் உறுதியாகப்
பின்னோக்கிப் போவது என் வேலை.

கரண்ட் நின்ற மத்தியானங்களில்
கறையான் மிச்சம் விட்ட
ஆங்கில அகராதியொன்றை விரிப்பேன்.
அதிலும் ஒவ்வொரு சொல்லுக்கும்
பழைய சொந்தக்காரர் பெயர் இருக்கிறது.

'சில்லி' என்ற காணி
முதலில் கடவுளின் வளவுக்குள் கிடந்தது.
அருள் பெற்றவன் என்று பொருள்.
பிறகு அப்பாவிக்குக் கைமாறி,
பரிதாபத்துக்கு ஈடு வைக்கப்பட்டு,
மீட்க ஆளில்லாமல்
மடையன் பெயருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

'ஃபொண்ட்' எதிர்ப்பக்கம் நடந்தது.
ஒருகாலம் மொக்கு என்றுதான் அர்த்தம்.
ஓசைப்படாமல் நகர்ந்து வந்து
பிரியத்தின் வளவில் வேலி அடைத்துக்கொண்டது.
ஆரும் வழக்கு வைக்கவில்லை.

'நைஸ்' என்றால்
ஒன்றும் அறியாத ஆள் என்றிருந்ததாம்.
மிஸிஸ் தர்மகுலசிங்கம்
காசு தராத கட்சிக்காரரைத் தவிர
எல்லாரையும் நைஸ் என்பா.
பக்கத்தை மூடிக்கொண்டு சிரித்தேன்.

பிறகு 'மூன்காஃப்', நிலவின் கன்று.
உருத் திரளாமல் பிறந்த கன்றுக்கு
நிலவைக் குற்றம் சொன்ன சனம்
வாய் பிளந்து வானம் பார்த்து நிற்கிறவனுக்கும்
அதே பெயரை எழுதிக் கொடுத்துவிட்டது.

இதைப் படித்துக்கொண்டிருக்கையில்தான்
அளவையாளர் யூஜின் படலையைத் திறந்தார்.
முழங்கால் வரை செம்மண்.
கக்கத்தில் கொழும்புத்துறைக் காணியின் வரைபடம்.
நான் அகராதியை
ஆரோ ஒருவரின் மரணசாதனத்துக்குக் கீழே தள்ளினேன்.

எங்கள் மொழி மட்டும் திறமோ?
மடம் என்றால் மூடத்தனம்.
அதையே பெண்ணுக்கு அணி என்று
அச்சத்துக்கும் நாணத்துக்கும் நடுவில்
சீதன உறுதிபோல எழுதி வைத்திருக்கிறார்கள்.
மையல் என்றால் காதல் மயக்கம்.
யானைக்குப் பிடித்தால் அதே சொல் மதம்.
யானைக்கென்றால் சங்கிலி போடுகிறார்கள்.
எனக்கு நாற்பத்தொரு வயது,
கந்தோருக்கு நேரத்துக்கு வருகிறேன்.

சட்டம் சொல்கிறது:
பத்து வருசம் தொடர்ந்து,
ஒருவரும் மறிக்காமல், ஒளிக்காமல்
ஒரு நிலத்தை ஆண்டால் அது உன்னுடையது.
எனக்குப் பதினொரு வருசம்.
ஒருவரும் மறிக்கவில்லை.
ஒளிக்காமல் என்ற இடத்தில்தான்
என் வழக்கு விழுகிறது.

போன கிழமை ஒரு பழைய படிவத்தின் பின்பக்கம்
பென்சிலால் எழுதிப் பார்த்தேன்:
வடக்கு, அவர் சைக்கிள் சாத்தும் மதில்.
கிழக்கு, சீனி போடாத தேத்தண்ணிக் கோப்பை.
மேற்கு, நான் திருத்தாமல் விட்ட
அவருடைய எழுத்துப் பிழைகள்.
தெற்கு எல்லைக்கு ஒன்றும் வரவில்லை.

இன்றைக்குக் கேட்டே விட்டேன்:
"சில்லி எண்டால் முந்தி
அருள் பெற்றவன் எண்டு அர்த்தமாம்,
உங்களுக்குத் தெரியுமே?"

"உமக்கென்ன, விசரே?" என்றார்.
வரைபடத்தை என் பக்கம் திருப்பினார்.
"இஞ்ச பாரும்,
தெற்கெல்லை ரெண்டடி தள்ளி நிக்குது."
நகத்துக்குள் செம்மண் இருந்த விரலை
அந்தக் கோட்டிலேயே வைத்திருந்தார்,
கோடு பார்ப்பதற்குத் தேவையானதைவிடக்
கொஞ்சம் கூடுதலான நேரம்.

அவர் போன பிறகு விசர் என்ற சொல்லைத் தேடினேன்.
எனக்குத் தெரிந்த வரையில்
அது நாய்க்கடி வரைக்கும் போகிறது,
அதற்கு அங்கால் உறுதி இல்லை.
அதற்கு முந்தி அது ஆருடைய வளவோ.

படிவத்தை எடுத்தேன்.
பென்சிலை வைத்துவிட்டுப் பேனையைத் தேடினேன்.
கரண்ட் வந்து, காற்றாடி சுழன்று,
கடுதாசி எல்லாம் பறந்தன.